ஏற்காடு ஏறிட்டா இமயமலை ஏறிடலாமா?

"எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போறியா? நாலு ஞாயித்துக்கிழமை ஏற்காடு ஏறு, போதும்." சேலத்துப் பக்கம் இந்த அறிவுரை சகஜம். இதில் பாதி சரி. மீதிப் பாதி ஆபத்து.

சரியான பாதியை முதலில் பார்ப்போம். சேலம் நகரம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் நடந்தே கடந்தால், ஒரே நாளில் 1,000 மீட்டருக்கு மேல் ஏற்றம். பேஸ் கேம்ப் பாதையில் பெரும்பாலான நாட்களில் இவ்வளவு ஏற்றம் கிடையாது. முதுகில் எட்டு கிலோ பையோடு இதைப் பழகினால் காலும் மூச்சும் நன்றாகவே தேறும்.

ஆனா ஏறினவங்க நிறைய பேர் பஸ் பிடிச்சு இறங்கிடறாங்க. இறங்கும்போதுதான் தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. மறுநாள் படியிறங்க முடியாமல் வலிப்பது அதனால்தான். ஒருமுறை அப்படி வலித்துத் தேறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. அதனால இறக்கத்தையும் நடந்துதான் முடிக்கணும்.

இனி தவறான பாதி. ஏற்காட்டில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்குதான் குறைவு. 5,364 மீட்டரில் உள்ள பேஸ் கேம்ப்பில் கிட்டத்தட்ட பாதி. உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். சேர்வராயன் கோயில் உச்சியே சுமார் 1,620 மீட்டர்தான். அங்கே நூறு முறை ஏறினாலும் உடம்புக்கு உயரம் பழகாது.

இன்னொரு விஷயம், உடல்தகுதி உயர நோயைத் தடுக்காது. திடமான ஆள்தான் "எனக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு வேகமா ஏறுவார். தலைவலியும் குமட்டலும் வந்தாலும் சொல்ல மாட்டார். நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்கியாக வேண்டும். அங்கே வீம்பு உயிரை வாங்கிவிடும்.

உயரத்துக்கு உடம்பு பழக நாட்கள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வேண்டும். மூணு மாசம் விடியற்காலையில எழுந்து பயிற்சி செய்றவங்களே, லீவு கிடைக்கலைன்னு பயணத்துல ரெண்டு நாளைக் குறைச்சுக்கறாங்க. முதலில் வெட்டுப்படுவது அந்த ஓய்வு நாட்கள்தான். பேக்கேஜ் பார்க்கும்போது விலைக்கு முன்னாடி நாட்களை எண்ணுங்க.