திரையும் துளியும்: ஓர் அறிவியல் உவமை பற்றிய நோக்கு

அறிவியலைப் பொது வாசகருக்கு எடுத்துரைக்கும் நூல்களைத் திறனாய்வுக்கு உட்படுத்தும் வழக்கம் நம்மிடையே அருகியே காணப்படுகின்றது. ஆயினும் அந்நூல்களின் உயிர்நாடி உவமையே. உவமையை ஆராய்தல் கலைப்பீட மாணவனுக்கு எல்லை மீறலாகாது. லிசா ரன்டோல் 2005இல் வெளியிட்ட 'வார்ப்ட் பாசேஜஸ்' என்னும் நூலை இவ்வகையில் நோக்கலாம்.

இழைக் கொள்கையிற் பேசப்படும் 'பிரேன்' என்பதை விளக்க ரன்டோல் குளியலறைத் திரையை எடுத்தாளுகின்றார். திரையில் ஒட்டிய நீர்த்துளி அதன்மேல் எங்கும் ஓடலாம்; அதை விட்டு நீங்கலாகாது. அவ்வாறே துணிக்கைகளும் பிரேனில் அடங்கிக் கிடக்கின்றன. ஈர்ப்பு மட்டும் புறத்தே பரவுகின்றது. ஈர்ப்பு ஏனைய விசைகளிலும் நலிந்திருப்பது பற்றி அவரும் ராமன் சன்ட்றமும் 1999இல் முன்வைத்த கருத்துக்கு இவ்வுவமை போதும்.

ஆனால் திரை முன்னரே உண்டு, துளி பின்னர் வந்து ஒட்டியது என்ற எண்ணத்தையும் அது விதைக்கின்றது. வரலாறு இதற்கு மாறானது. முனைகள் விடுபட்ட இழை திறந்த இழை; வளையமாய் இணைந்தது மூடிய இழை. திறந்த இழையின் முனைகளுக்கு விதிக்கப்பட்ட எல்லை நிபந்தனையிலிருந்தே 'டி-பிரேன்' பிறந்தது. அம்முதலெழுத்து ஜேர்மானியக் கணித அறிஞர் டிரிச்லேயைக் குறிப்பது. அது ஏற்றம் தாங்கிய பொருளே என்பதை ஜோசப் பொல்சின்ஸ்கி 1995இல் காட்டினார். அன்றியும், பிரேனின் அசைவு என்பது அதில் முனை பதித்த இழைகளின் அதிர்வேயாகும். துளிகளின் ஓட்டமே தன் அலைவாக அமைந்த திரையை எந்தக் குளியலறையிற் காண்பது?

இதனினும் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. (கணிதம் அறியாத நான் இதற்காக ஒரு தவணை முழுவதும் விஞ்ஞான பீட நண்பர்களைத் தொல்லைப்படுத்தினேன்.) இரு பிரேன்களுக்கிடையே உருளை வடிவான ஒரு தடத்தைக் கருதுவோம். காலத்தை உருளையைச் சுற்றிக் கணித்தால், இரண்டுக்கும் இடையே நீண்ட திறந்த இழை ஒன்று வட்டமிட்டு மீள்கின்றது. நெடுக்கே கணித்தால், மூடிய இழை ஒன்று ஒரு பிரேனிற் தோன்றி மற்றதில் மறைகின்றது. பின்னைய பார்வையிற் பிரேன் ஓர் இடமன்று. மூடிய இழையின் ஒரு நிலை. அதனையே 'எல்லை நிலை' என்பர். இரு கணிப்பும் ஒரே விடை தரவேண்டும். திறந்த இழையின் நிலைகளை எண்ணுமிடத்து அரையும் காலும் வருதல் கூடாது. ஜோன் கார்டி 1989இல் ஆராய்ந்த இந்நிபந்தனையே ஏற்புடைய எல்லை நிலையை ஏலாததினின்று பிரிக்கின்றது. மீச்சமச்சீர் உள்ளவிடத்து, இணையான ஒருவகைப் பிரேன்கள் இரண்டின் ஈர்ப்பும் விலக்கமும் சமன்பட, உருளையின் பெறுமானம் பூச்சியமாகின்றது.

1998இல் றெக்னாகல், ஷோமெறுஸ் இருவரும் கெப்னர் மாதிரிகளில் எல்லை நிலைகளை அமைத்தனர். அங்கே கணிப்பு வெளியின் வடிவத்திலிருந்து தொடங்குவதில்லை. திரையெனச் சுட்டத்தக்க பரப்பும் கண்முன் இல்லை.

வடிவு பற்றிய உவமையையும் தொழில் பற்றிய உவமையையும் தொல்காப்பியர் வேறுபடுத்தினார். ரன்டோலின் திரை பெரிதும் வடிவு பற்றியது; பிரேனோ தொழிலால் அறியப்படுவது. இழைக் கொள்கைக்குப் பரிசோதனைச் சான்று இதுவரை இல்லை. இந்நிலையில் அதன் வலிமை இத்தகைய உள்ளிசைவிலேயே தங்கியுள்ளது. திரையை மட்டும் கண்ட வாசகன் அதை நம்புவான் அல்லது நகைப்பான். எண்கள் முழுமையாக வருகின்றனவா என்று வினவமாட்டான்.

இருளிற் கிணற்றுள் குரல் கொடுப்பவன் சுவரைக் காணான். மீளும் ஒலியால் அதனை அறிவான். எல்லை நிலைக்கு இது சற்று அண்மையானது. திரைக்கு அருகே இதுபோன்ற ஒன்றுக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தால் நூல் பெரிதும் நீண்டிராது.