நிக்ஸ்ஓஎஸ்: எழுதிவைத்தபடி அமையும் கணினி

நிக்ஸ்ஓஎஸ் என்னும் லினக்ஸ் வகையில் ஒரு கணினிக்கு வேண்டிய மென்பொருள்கள், எழுத்துருக்கள், பயனர்கள், நெட்வொர்க் அமைப்பு எல்லாம் ஓர் உரைக்கோப்பில் எழுதப்படுகின்றன. ஒரே கட்டளையில் கணினி அதன்படி அமைகிறது. இதன் அடித்தளமான நிக்ஸ் என்னும் மென்பொருள் நிறுவும் கருவியை ஈல்கோ டோல்ஸ்ட்ரா நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 2003-இல் தொடங்கினார். 2006-இல் அதுவே அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடாயிற்று.

திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசர் மேசை முதல் பேக்கிங் பிரிவு வரை கணினிகள் உண்டு. ஒன்று பழுதானால் அதில் என்னென்ன இருந்தன என்பது சர்வீஸ் செய்பவரின் நினைவில்தான் இருக்கும். நிக்ஸ்ஓஎஸ் அந்த நினைவைக் கோப்புக்கு மாற்றுகிறது. இதன் தலையாய பலம் இதுவே. தட்டச்சுக்கான ஐபஸ், எம்17என் மென்பொருள்கள், தமிழ் எழுத்துருக்கள் எனச் சில வரிகள் எழுதிவிட்டால், புதுக் கணினியிலும் தமிழ்99 விசைப்பலகை தயாராக இருக்கும். மாற்றம் ஏதும் கோளாறு செய்தால், கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் பழைய அமைப்பைத் தேர்ந்து அதற்கே திரும்பலாம்.

ஆனால் கோப்பு மட்டும் போதாது. ரெசிபி ஒன்றேயானாலும் நூல் லாட் மாறினால் ஷேடு மாறும் என்பது சாயப்பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். மென்பொருள் தொகுப்பின் பதிப்பு மாறினால் இங்கும் அப்படித்தான். பதிப்புகளைப் பூட்டிவைக்கும் 'ஃப்ளேக்' வசதி பரவலாகப் பயன்பட்டாலும், இன்னும் சோதனை நிலையிலேயே வைக்கப்பட்டிருக்கிறது.

நடைமுறையில் அதிகம் இடிப்பது வேறு. பெட்டிகளுக்கான பார்கோடு ஸ்டிக்கர் பிரிண்டரின் டிரைவரை நிறுவனங்கள் டெபியன், ரெட்ஹேட் வகைகளுக்கென்றே கட்டித் தருவது வழக்கம். நிக்ஸ்ஓஎஸ் கோப்புகளை வழக்கமான இடங்களில் வைப்பதில்லை. அதனால் டிரைவர், தனக்கு வேண்டிய நிரல் நூலகம் தேடிய இடத்தில் கிடைக்காமல் ஓட மறுக்கும். அதைச் சரிசெய்ய நிக்ஸ் மொழி தெரிந்தவர் வேண்டும்; அத்தகையவர் அரிது. பிழைச் செய்திகளோ புதியவரை மிரட்டும். கடவுச்சொல்லை அமைப்புக் கோப்பிலேயே எழுதினால் கணினியின் எல்லாப் பயனரும் படிக்கக்கூடிய இடத்தில் அது போய்ச் சேர்கிறது. இந்தக் குறையைச் சிறிதென்று தள்ள முடியாது.

ஒரே மாதிரியான கணினிகள் பல இருந்து, பொறுப்பேற்க ஒருவரும் இருந்தால் இம்முறை உழைப்புக்கு ஈடு தரும். ஒன்றிரண்டு கணினிகளே உள்ள ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு டெபியனோ, அதன்மேல் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸோ போதும். கணக்கு மென்பொருளான டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. எனவே கணக்குப் பிரிவை நிக்ஸ்ஓஎஸுக்கு மாற்ற முயல்வது வீண். மேலும், நிக்ஸ்ஓஎஸ் கோப்பு கணினியின் அமைப்பைத்தான் மீட்கும். ஆர்டர் ஷீட்டுகளுக்கும் பேட்டர்ன் கோப்புகளுக்கும் தனி பேக்கப் எடுத்தே ஆக வேண்டும்.