கேட் தேர்வுக்குச் சி மொழி: எதைப் படிக்கலாம், எதை விடலாம்?

சித்தி மகள் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள். மொத்தம் 14 வரி. நாலு புத்தகம், மூணு வீடியோ தொடர், ஒரு கோச்சிங் சென்டர் நோட்ஸின் ஸ்கேன், ரெண்டு ஆப், மிச்சமெல்லாம் கேள்வித் தொகுப்பு பிடிஎஃப். கீழே ஒரே கேள்வி: "அண்ணா, இதுல எதை விடலாம்?"

வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து கேட் தேர்வின் கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளுக்குப் படிக்கிறாள். இது ரெண்டாவது தடவை. "பிப்ரவரி வரைக்கும்தான், அப்புறம் வேற பேச்சு" என்று சித்தப்பா சொல்லிவிட்டார். அதனால் போகிற போக்கில் ஒரு பதிலைச் சொல்ல மனசு வரவில்லை. போன தடவை அவளுக்கு அதிகம் போனது சி மொழிக் கேள்விகளில்தான். அந்தப் பகுதிக்கான சரக்கை மட்டும் ஒரு வாரம் எடுத்துப் பார்த்தேன். அதன் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

முதலில் தேர்வு என்ன கேட்கிறது என்று பார்த்துவிடலாம். 65 கேள்வி, 100 மதிப்பெண், 3 மணி நேரம். நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தப்பு செய்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எண்ணைத் தட்டச்சு செய்யும் கேள்விகளில் கழித்தல் கிடையாது, ஆனால் குருட்டாம்போக்கில் போடவும் வழியில்லை. கம்பைலர் கிடையாது. திரையில் ஒரு நிரல், கையில் ஒரு பேனா, எழுதிப் பார்க்கத் தாள். இந்தத் தேர்வு பெரும்பாலும் உங்களை நிரல் எழுதச் சொல்வதில்லை. நிரலைக் கையால் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறது. எந்தப் புத்தகத்தையும் வீடியோவையும் இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் பார்த்தேன்.

முதலில், அவள் அதிகம் நம்பிய அவுட்புட் கேள்வித் தொகுப்புகள். நம்ம ஊரில் கேம்பஸ் இன்டர்வியூ காலத்திலிருந்தே இவற்றுக்கு மவுசு உண்டு. ஐ-யின் மதிப்பு 5, ++ஐ + ++ஐ எவ்வளவு என்று கேட்பார்கள். விடை 14 என்று போட்டு அரைப் பக்கம் விளக்கமும் இருக்கும். விளக்கம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சி மொழியின் விதிப்படி இந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. ஒரே வேரியபிளை ஒரே கோவைக்குள் வரிசை நிர்ணயிக்கப்படாமல் இரண்டு முறை மாற்றினால் என்ன நடக்கும் என்பதை மொழி வரையறுக்கவில்லை. ஒரு கம்பைலர் 13 தரலாம், இன்னொன்று 14 தரலாம். இரண்டையுமே குறை சொல்ல முடியாது. ஜிசிசி கம்பைலரில் எச்சரிக்கைகளை இயக்கிவிட்டு ஓட்டினால் அதுவே இதைக் கண்டிக்கும்.

இந்தத் தொகுப்புகளில் இன்னொரு பழைய நோயும் உண்டு. பல கேள்விகள் டர்போ சி காலத்தவை. அதில் இன்ட் என்பது 2 பைட். இன்றைய லினக்ஸ் கணினியில் ஜிசிசி தருவது 4 பைட். 32767-ஓடு 1-ஐக் கூட்டினால் மைனஸில் போகும் என்று மனப்பாடம் செய்தவர், மொழியைப் படிக்கவில்லை. ஒரு பழைய மென்பொருளின் பழக்கவழக்கத்தைப் படித்திருக்கிறார். கேட் தேர்வில் விடைக்குறிப்பை எதிர்த்து யாரும் முறையிடலாம், கேள்வியே பிழை என்றால் எல்லோருக்கும் மதிப்பெண் போட்டுவிடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் விடை ஆளுக்கொன்றாக வரும் கேள்வியைக் கேட்க வேண்டியவர்களே யோசிப்பார்கள். நாம் ஏன் அதற்காக ராத்திரி கண் விழிக்க வேண்டும்?

இரண்டாவது, கெர்னிகன்–ரிட்சி புத்தகம். 1978-ல் வந்தது, இப்போது புழக்கத்தில் இருப்பது 1988-ல் வந்த இரண்டாம் பதிப்பு. முந்நூறு பக்கம்கூட இல்லை. இதைப் புகழ்கிறவர்கள் பலர் முழுசாகப் படித்ததில்லை என்பது என் சந்தேகம். நிரலாக்கமே புதிது என்பவருக்கான புத்தகம் இல்லை இது. பயிற்சிகளுக்குப் புத்தகத்திலேயே விடை கிடையாது. பைனரி ட்ரீ வரும், ஆனால் கிராஃப் வராது. ஆக இதை மட்டும் நம்பி உட்கார்ந்தால் பாடத்திட்டத்தில் பாதி வெளியே நிற்கும்.

அப்படியும் இதை விடாதே என்று அவளுக்குச் சொன்னேன். காரணம், போன வாரம் நானே மாட்டிக்கொண்ட ஒரு கதை.

ரிகர்ஷனை விளக்க ஒரு உதாரணம் தயாரித்தேன். ஜி என்று ஒரு ஃபங்ஷன். உள்ளே எஸ் என்ற வேரியபிள், ஆரம்ப மதிப்பு 0. என் 0 என்றால் எஸ்-ஐத் திருப்பித் தரும். இல்லையென்றால் எஸ்-இல் என்-ஐக் கூட்டிக்கொள்ளும், பிறகு ஜி(என்-1) + எஸ் என்பதைத் திருப்பித் தரும். ஜி(3) எவ்வளவு? எஸ் சாதாரண லோக்கல் வேரியபிள் என்றால் ஒவ்வொரு அழைப்புக்கும் தனித்தனி எஸ், விடை 6. ஸ்டாட்டிக் என்றால் எல்லா அழைப்புக்கும் ஒரே எஸ். கடைசி அழைப்பு முடியும்போது அதன் மதிப்பு 6, அதையே நாலு முறை கூட்டினால் 24. பெருமையாக அனுப்பியும் வைத்தேன்.

அன்று ராத்திரி அந்தப் புத்தகத்தின் 2.12-ஆம் பகுதியைப் புரட்டினேன். கூட்டல் குறியின் இரண்டு பக்கத்தில் எதை முதலில் கணக்கிடுவது என்பதை மொழி சொல்லவில்லை. ஒரு பக்கம் மாற்றும் வேரியபிளை இன்னொரு பக்கம் நம்பியிருந்தால் விடை மாறும் என்று அங்கே இருக்கிறது. என் உதாரணம் அச்சு அசல் அதேதான். எஸ்-ஐ முதலில் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு ஜி-யைக் கூப்பிட்டால் 3 + 5 + 6 + 6, அதாவது 20. எந்தத் தப்புக்காகக் கேள்வித் தொகுப்புகளைத் திட்டினேனோ அதற்குப் பக்கத்து வீட்டுத் தப்பை நானே செய்திருக்கிறேன்! ஜி(என்-1)-இன் விடையை முதலில் ஒரு தற்காலிக வேரியபிளில் வாங்கிக்கொண்டு, அடுத்த வரியில் எஸ்-ஐக் கூட்டினால் 24 உறுதி. திருத்தி மறுபடி அனுப்பினேன்.

நல்ல புத்தகம் என்று நான் சொல்வது இதைத்தான். விடை என்ன என்பதோடு, எந்தக் கேள்விக்கு விடை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாயிண்டர் பற்றிய 5-ஆம் அத்தியாயமும் அப்படித்தான். அரேயின் பெயருக்கும் பாயிண்டருக்கும் எங்கே ஒற்றுமை, எங்கே வேற்றுமை என்பதைச் சில பக்கங்களில் முடித்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, வீடியோக்கள். என்பிடெல் பாடங்கள் இலவசம், பல பேராசிரியர்கள் நன்றாகவே நடத்துகிறார்கள். தரத்தில் எனக்குக் குறையில்லை. ஆனால் அங்கே பேனா ஓடுவது அவர்கள் கையில். ஸ்டாக்கில் பெட்டி பெட்டியாக அவர் வரையும்போது நமக்கு எல்லாம் புரிகிறது. வீடியோவை நிறுத்திவிட்டு அதே நிரலை வெள்ளைத் தாளில் ஓட்டிப் பார்த்தால், மூன்றாவது அழைப்பிலேயே தடுமாறும். தெரியாத தலைப்பைத் திறந்து காட்ட வீடியோ போதும். தேர்வு கேட்கும் கைப்பழக்கம் அதிலிருந்து வராது.

கடைசியில் நான் அவளிடம் சொன்னது இதுதான். பட்டியலை மூடி வை. முந்தைய ஆண்டுத் தாள்களிலிருந்து பத்து நிரல் கேள்வியை எடு. அதிகாரபூர்வ விடைக்குறிப்பு இருக்கிறது, அதைப் பிறகு பார். கம்பைலர் இல்லாமல் பேனாவால் போடு. தப்பானவற்றை மூன்றாகப் பிரி: விதி தெரியவில்லை, விதி தெரிந்தும் ஓட்டுவதில் தவறினேன், கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை. முதல் வகைக்குப் புத்தகம், தலைப்பே புதிது என்றால் ஒரு வீடியோ. இரண்டாவது வகைக்கு இன்னும் பத்து பழைய கேள்வி. மூன்றாவதுக்குக் காசு கொடுத்து வாங்க எதுவும் இல்லை. இந்த மூன்றில் எதிலும் உட்காராத வரி 14-இல் எத்தனை இருக்கிறதோ, அத்தனையையும் விட்டுவிடலாம்.

நேற்று ராத்திரி பதில் வந்தது. "பத்துக்கு நாலுண்ணா. ஆறு தப்புல அஞ்சு ரெண்டாவது வகை. பதினொண்ணை அழிச்சிட்டேன்."