தலைமையாசிரியரை யார் தயார் செய்கிறார்கள்?

தமிழ்நாட்டில் ஒரு பட்டதாரி ஆசிரியர் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராகப் பதவி உயர்வு பெற வேண்டுமென்றால் துறைத் தேர்வுகளில் தேறியிருக்க வேண்டும். அக்கவுண்ட் டெஸ்ட் ஒன்று. டெப்டி இன்ஸ்பெக்டர் தேர்வு என்று இன்னும் பழைய பெயரிலேயே பலரும் சொல்கிற நிர்வாகத் தேர்வு இன்னொன்று. கணக்கும் விதியும் தெரியுமா என்று அரசு கேட்கிறது, கேட்க வேண்டியதுதான். ஆனால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பாடத்தைக் கவனிக்கவும், எடுத்த ஆசிரியரின் மனம் நோகாமல் குறையைச் சொல்லவும் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. பிறகு சீனியாரிட்டி பேனல், கலந்தாய்வு, நாற்காலி.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு வரும் பயிற்சிகளின் தகுதியை வடசென்னையின் மூலக்கொத்தளத்தில் நின்று எடைபோட விரும்புகிறேன். பள்ளியில் இந்தியைக் கட்டாயமாக்கியதை எதிர்த்துச் சிறை சென்று 1939-இல் உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் அடங்கிய மண் இது. வகுப்பறையில் என்ன நடக்க வேண்டும் என்ற கேள்விக்கு இந்த ஊர் கொடுத்த விலை பெரிது. அந்த வகுப்பறையை நடத்துகிறவருக்கு நாம் என்ன கொடுக்கிறோம்?

வடசென்னையின் ஒரு மாநகராட்சிப் பள்ளிக்குக் காலை எட்டரைக்குப் போய்ப் பாருங்கள். காலை உணவு சரியான நேரத்துக்கு வந்ததா என்று ஹெச்.எம். பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தாய் டி.சி. கேட்டு நிற்பார், பெரும்பாக்கத்தில் வீடு ஒதுக்கியிருக்கிறார்கள், மாதக் கடைசியில் போக வேண்டும். ஆண்டு நடுவில் பிள்ளையை மாற்றாதீர்கள் என்று அவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு ஆசிரியர்கள் விடுப்பு என்று செய்தி வரும். யார் எந்த வகுப்புக்குப் போவது என்று உதவித் தலைமையாசிரியர் ஒரு தாளில் எழுதி நீட்டுவார். அதில் கையெழுத்துப் போடுவதற்குள் எமிஸ் தளத்தில் பள்ளி விவரப் பதிவு இன்னும் முடியவில்லை என்று போன் வரும். தலைநிமிரும்போது மூன்றாம் பாடவேளை முடிந்திருக்கும். அதுவரை அவர் ஒரு வகுப்புக்குள்ளும் கால் வைத்திருக்க மாட்டார்.

இவருக்கென்று தேசிய அளவில் ஒரு நல்ல சட்டகம் இருக்கிறது. டெல்லியின் தேசியக் கல்வித் திட்டமிடல் நிறுவனத்தில் 2012-இல் தொடங்கிய பள்ளித் தலைமைக்கான தேசிய மையம், 2014-இல் ஏழு பகுதிகள் கொண்ட பாடத்திட்டத்தை வெளியிட்டது. தன்னை வளர்த்துக்கொள்வது, கற்றல் கற்பித்தலை மாற்றுவது, குழுவாக இயங்குவது, ஊரோடு உறவு கொள்வது என்று விரியும் அதில் பள்ளி நிர்வாகம் ஏழில் ஒன்று மட்டுமே. நம் துறைத் தேர்வுகளோ அந்த ஒன்றையே முழுமையாகக் கொள்கின்றன. உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை டெல்லி மையத்துக்கு என் முழு மதிப்பெண்.

ஒன்றிய அரசின் ஆசிரியர் பயிற்சித் திட்டமான நிஷ்டாவுக்கு அந்த முழு மதிப்பெண்ணைத் தர முடியாது. 2019 ஆகஸ்டில் தொடங்கி, சுமார் 42 லட்சம் ஆசிரியர்களையும் தலைமையாசிரியர்களையும் எட்டுவது அதன் இலக்கு. கொரோனா காலத்தில், 2020 அக்டோபரில் தீக்‌ஷா தளத்துக்கு மாறியது. பள்ளித் தலைமை என்பது அதன் 18 பாடப் பகுதிகளில் ஒன்று. வீடியோ பார்க்க வேண்டும், வினாடி வினா எழுத வேண்டும், சான்றிதழ் வரும். எத்தனை பேர் முடித்தார்கள் என்பதைக் கணினி சொல்லிவிடும். முடித்தவருடைய பள்ளியில் மறுநாள் என்ன மாறியது என்பதை அது சொல்லாது. தொலைவில் இருக்கும் ஆசிரியருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது என்பது பெரிய நன்மை, மறுக்கவில்லை. ஆனால் அதைப் பயிற்சி என்று சொல்வதைவிட வாசிப்பு என்று சொல்வதே பொருந்தும்.

இதைவிடக் கடுமையான பாடம் மத்தியப் பிரதேசத்திலிருந்து வருகிறது. பள்ளியே தன்னை மதிப்பிட்டு மேம்பாட்டுத் திட்டம் எழுதும் ‘ஷாலா சித்தி’ திட்டத்தை அங்கே பொருளியல் அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் ஆய்வு செய்தார்கள். மதிப்பீடுகள் நடந்தன, திட்டங்கள் எழுதப்பட்டன. ஆனால் கற்பிக்கும் முறையும் மாறவில்லை, கண்காணிப்பும் மாறவில்லை, பிள்ளைகளின் கற்றலும் உயரவில்லை. தலைமையாசிரியர் கையில் இன்னொரு படிவத்தைத் திணிப்பவர்கள் இந்த முடிவை ஒருமுறை படிக்க வேண்டும்.

பலன் தருவது எது? நியூசிலாந்தின் விவியன் ராபின்சனும் உடனிருந்தவர்களும் 2008-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தலைவர் செய்யும் வேலைகளில் மாணவர் கற்றலோடு மிக வலுவாகத் தொடர்புடையது, ஆசிரியர்களின் கற்றலை வளர்த்து, அதில் தானும் உட்கார்ந்து பங்கெடுப்பது. அடுத்த நிலையில் வந்தவற்றைப்போல் இரு மடங்கு வலு அதற்கு இருந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் ரோலண்ட் ஃப்ரையர் நடத்திய சோதனையில், பள்ளி முதல்வர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 300 மணி நேரப் பயிற்சி தரப்பட்டது. முதல் ஆண்டில் மாணவர் மதிப்பெண் உயர்ந்தது, இரண்டாம் ஆண்டில் அந்தப் பலன் மங்கியது. அதே பள்ளியில் தொடர்ந்து இருந்த முதல்வர்களிடம் பலன் கூடுதலாக இருந்தது. சீனியாரிட்டியில் ஏறி, ஓய்வுக்குச் சில ஆண்டுகளே இருக்கும்போது நாற்காலிக்கு வருகிறவரிடம் போய்ப் பயிற்சியைத் தொடங்கும் நாம் இதை யோசிக்க வேண்டும். நமக்குத் தரம் குறையவில்லை, காலம் தவறுகிறது.

சிங்கப்பூரில் தேசியக் கல்விக் கழகம் துணை முதல்வர்களைத் தேர்ந்தெடுத்து பல மாத முழுநேரப் பயிற்சி தருகிறது. முதல்வராவது அதற்குப் பிறகுதான். அவ்வளவு வசதி நமக்கு ஏது என்பவர்கள் இலங்கையைப் பார்க்கலாம். அங்கே தலைமையாசிரியரை அதிபர் என்பார்கள்; அதிபர் சேவை என்று தனியாகவே ஒன்று உண்டு. போட்டிப் பரீட்சை எழுதி ஆசிரியர்கள் அதற்குள் வருகிறார்கள். மீப்பேயில் கல்வித் தலைமைத்துவத்துக்கென்று ஒரு நிலையம் இருக்கிறது. அந்தச் சேவைக்குள் வராமலே பொறுப்பு வகிக்கும் ‘கடமை நிறைவேற்று அதிபர்கள்’ என்ற பிணக்கு அங்கும் தீரவில்லை. ஆனாலும் அதிபர் வேலை வேறு, ஆசிரியர் வேலை வேறு என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

எந்தப் பொதுப் பாடத்திட்டமும் தொடமுடியாத ஓர் இடமும் உண்டு. 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் ஏதோ வாயு நெடி பரவி முப்பதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் பாதிக்கப்பட்டார்கள். நவம்பர் 4-இல் பள்ளி திறந்ததும் மீண்டும் சிலருக்கு மயக்கம். அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் நள்ளிரவில் அம்மோனியா கசிந்தது. நெடி வந்த நிமிடத்தில் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்புவதா, அறைக்குள்ளேயே வைத்துச் சன்னலைச் சாத்துவதா? காற்று எந்தப் பக்கம் வீசுகிறது? முதல் போன் யாருக்கு? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை முடிந்து, கையில் காசில்லாத வீட்டிலிருந்து காசிமேட்டுப் பையன் பள்ளி திறந்தும் வராவிட்டால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது? இதெல்லாம் இந்தப் பகுதியில் இருபது ஆண்டு பணியாற்றி ஹெச்.எம். ஆனவருக்குத் தெரியும். அவர் ஓய்வு பெறும் நாளில் சால்வை போர்த்தி அனுப்பிவைக்கிறோம். அவர் அறிந்ததும் அவரோடேயே போய்விடுகிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. நம்மிடம் பாடநூல் இருக்கிறது, காணொலி இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது. நாற்காலிக்கு முன்னால் பழகும் காலம் இல்லை. பயிற்சிச் செலவின் பெரும்பங்கு உதவித் தலைமையாசிரியருக்குப் போக வேண்டும். இன்றைக்கு அவர் சப்ஸ்டிட்யூஷன் எழுதவும், மணி அடிக்கச் சொல்லவும், ஹெச்.எம். மீட்டிங் போன நாளில் பள்ளியைப் பார்த்துக்கொள்ளவும் மட்டும் இருக்கிறார். ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாததால் 2024-25-க்கான 2,152 கோடி ரூபாய்க் கல்வி நிதியை அந்த அரசு நிறுத்திவைத்த அனுபவத்துக்குப் பிறகு, டெல்லிப் பணத்தை மட்டும் நம்பிப் பயிற்சியைத் திட்டமிடவும் முடியாது. நான் கேட்பதற்குப் பெரிய பணமும் தேவையில்லை.

சென்னை மாநகராட்சிக் கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பேனலில் பெயர் வரப்போகிறவர்களை ஒரு பருவம் மட்டும், நன்றாக நடக்கும் இன்னொரு பள்ளியின் ஹெச்.எம்.மோடு இருக்க அனுப்புங்கள். வாரத்துக்கு நான்கு பாடவேளை இருவரும் சேர்ந்து வகுப்புகளில் உட்காரட்டும். அந்த நான்கு பாடவேளையில் எமிஸ் கேட்டு யாரும் போன் செய்யக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போடுங்கள். ராயபுரம் மண்டலத்திலிருந்து தொடங்குங்கள்.