ரூட்டுக்கும் முன்னால் டிஸ்க்

கெர்னல் கோடை ரசித்துப் படிப்பவர்கள் கூடினால் பேச்சு ஷெட்யூலரில்தான் போய் நிற்கும். என் ஓட்டு 1975-இல் வந்த யுனிக்ஸ் ஆறாம் பதிப்பின் ‘ஆக்சஸ்’ ஃபங்ஷனுக்கு. நாற்பது வரிகூடத் தேறாது.

அதன் அழகு கேள்விகளின் வரிசையில் இருக்கிறது. எழுத வேண்டும் என்று யார் வந்தாலும், டிஸ்க் ரீட்-ஒன்லியா என்று முதலில் சூப்பர்பிளாக்கைப் பார்க்கிறது. ஆம் என்றால் 30-ஆம் எண் எர்ரர், ஆள் வெளியே. அடுத்து, கோப்பு ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமா என்று பார்க்கிறது. வந்தவர் ரூட்டா என்று விசாரிப்பது அதற்கும் பிறகுதான். பர்மிஷன் பிட்டுகளின் முறை கடைசியில் வருகிறது. ரூட் கேள்வி எல்லாவற்றுக்கும் முன்னால் வந்திருந்தால் ரீட்-ஒன்லி என்ற சொல்லுக்கே மதிப்பு இருந்திருக்காது.

இதோடு எனக்குப் பிடித்த இன்னொன்று அதே பதிப்பின் ‘ஐஅப்டேட்’ ஃபங்ஷன். கோப்பைப் படித்தாலே, படித்த நேரத்தை டிஸ்க்கில் குறிக்க வேண்டும், அதுவும் எழுத்துதான். இங்கேயும் சூப்பர்பிளாக்கின் அதே ரீட்-ஒன்லி கொடியைப் பார்க்கிறார்கள், ஆனால் எர்ரர் கிடையாது. சத்தமில்லாமல் திரும்பிவிடுகிறது. பயனர் கேட்ட எழுத்தைக் கெர்னல் முகத்துக்கு நேரே மறுக்கிறது. தானே எழுத நினைத்ததை வாய் திறக்காமல் விட்டுவிடுகிறது. இந்த விவேகத்துக்கு மொத்தம் ஒரே ஒரு ‘இஃப்’.

டிஸ்க் ரீட்-ஒன்லியாக இருக்கும்போதும் ‘எல்எஸ்’ ஏன் எழுதும் அனுமதியைக் காட்டுகிறது என்று குறைப்படுபவர்கள் உண்டு. பிட் கோப்பினுடையது, தடை மவுண்ட்டினுடையது. நாளைக்கு அதே டிஸ்க்கை எழுதும்படி மவுண்ட் செய்தால் பிட்டுகள் பழையபடி இருக்க வேண்டாமா?

லினக்ஸ் ரசிகர்கள் 2008-இல் வந்த 2.6.26-ஐக் காட்டுவார்கள். ஒரே ஃபைல்சிஸ்டத்தை ஓரிடத்தில் எழுதவும் இன்னோரிடத்தில் படிக்க மட்டுமாகவும் மவுண்ட் செய்யலாம். எழுதிக்கொண்டிருப்பவர்களை எண்ணி வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் அதில் இருக்கிறது. வேலை சுத்தம், மறுக்கவில்லை. ஆறாம் பதிப்பு டிவைஸ் கோப்புகளுக்கும் சேர்த்துத் தடை போட்டதும், பிஎஸ்டி அதைத் திருத்தியதும் உண்மையே. ஆனாலும் ஒரே பார்வையில் முழுத் தர்க்கமும் விளங்கும் சுகம் பழைய கோடில்தான்.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு, ஆனால் அது கெர்னல்மேல் இல்லை. அந்த ரீட்-ஒன்லி எர்ரர் எண் 30 இன்றைய லினக்ஸிலும் அதே 30-தான். மேலே ஓடும் செயலிகள்தான் அதை விழுங்கிவிட்டு ‘சேமிக்க முடியவில்லை’ என்று மொட்டையாகச் சொல்கின்றன. பையன்கள் உடனே ‘சிஎச்மாட் 777’ அடிக்கிறார்கள். டிஸ்க்கே மறுக்கும்போது அதுவும் பலிக்காது. செயலி எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கெர்னல் சொன்ன காரணத்தை அப்படியே பயனரிடம் சொல்லிவிடுங்கள்.