கழுத்து நரம்பை அடக்கினால் சர்க்கரை அடங்குமா?

கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் அரிசி அளவே உள்ள கரோட்டிட் உறுப்பு ஒட்டியிருக்கிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தால் மூளைக்குச் சொல்லி மூச்சை வேகப்படுத்துவது அதன் வேலை. இன்சுலின் கூடினாலும் அது விழித்துக்கொள்கிறது என்று லிஸ்பனில் ஆய்வாளர் சில்வியா கோண்டேயின் குழு 2013இல் எலிகளில் காட்டியது. கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த தீனி தின்ற எலிகளில் இந்த உறுப்பு அளவுமீறி இயங்கிப் பரிவு நரம்புகளை முடுக்கிவிடுகிறது. இன்சுலின் கொடுத்தாலும் உடல் கேட்பதில்லை. அதன் நரம்பை முன்பே வெட்டிய எலிகளுக்கு அந்தக் கோளாறு வரவில்லை.

2018இல் வெளியான எலி ஆய்வில் அந்த நரம்பை வெட்டவில்லை. நரம்பில் மின்முனை பொருத்தி, உயர் அதிர்வெண் மின்னோட்டத்தால் சமிக்ஞையைத் தடுத்தார்கள். இன்சுலின் மறுபடி வேலை செய்தது. மின்னோட்டத்தை நிறுத்தி ஐந்து வாரம் கழித்துப் பார்த்தால் பழைய நிலை திரும்பியிருந்தது. என் பார்வையில் ஆய்வின் உயிர்நாடி இந்தத் திரும்பல்தான். நோயில் இந்த நரம்புக்குப் பங்குண்டு என்பதை அது உறுதிப்படுத்துகிறது. கருவி ஓடும்வரைதான் பலன் என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது. அப்படியானால் நோயாளி கழுத்தில் மின்முனையோடு காலம் தள்ள வேண்டும். அதே நரம்புதான் ரத்த அழுத்தச் செய்தியையும் சுமக்கிறது. டைப் 2 நோயாளிகள் பலருக்கு உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் தொல்லையும் உண்டு. அவர்களின் ஆக்ஸிஜன் காவலைத் தளர்த்துவது சிறிய விஷயமல்ல.

கத்தி வைக்காத வழியும் இருக்கிறது. கல்லீரல் வாயிலில் உள்ள நரம்புப் பின்னலை அல்ட்ராசவுண்ட் அலையால் தூண்டி, எலியிலும் பன்றியிலும் சர்க்கரையைச் சீராக்கியதாக ஜிஇ நிறுவனத்தின் ஆய்வகத்தினர் 2022இல் எழுதினார்கள். எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். பலனில்லையென்றால் நிறுத்திவிடலாம், உடலுக்குள் எதுவும் தங்காது.

ஆனால் விலங்கில் கிடைத்த வெற்றியை மனிதருக்குக் கொண்டுவரும்போது எச்சரிக்கை தேவை. வயிற்றுக்குச் செல்லும் வேகஸ் நரம்பைத் தடுத்து உடல் பருமனைக் குறைக்கும் கருவியை மனிதர்களில் சோதித்த முடிவு 2014இல் வெளிவந்தது. ஓராண்டில் கூடுதல் எடையில் 24.4 விழுக்காடு குறைந்தது. கருவியைப் பொருத்திவிட்டு நரம்போடு இணைக்காமல் விட்டவர்களுக்கும் 15.9 விழுக்காடு குறைந்தது! அந்த ஒப்பீட்டுக் குழு இல்லாமல் போயிருந்தால் முழுப் புகழும் மின்சாரத்துக்கே போயிருக்கும். சர்க்கரை நோய்ச் சோதனையிலும் இப்படியொரு குழு வேண்டும். சில மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவைக் குறைந்தது ஓராண்டு பார்க்க வேண்டும். கழுத்து நரம்பைத் தொடுவதானால், இரவில் ஆக்ஸிஜன் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும்.