சிபாரிசு செய்வது லேசா?

வாரா வாரம் 'இதைக் கேளுங்கள், இதைப் பாருங்கள்' என்று வாசகருக்குச் சிபாரிசு செய்வது லேசான காரியம் என்று நினைக்கிறவர்கள், ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி எழுதிய 'ஆடல் பாடல்' பகுதியைப் புரட்டிப் பார்க்க வேண்டும். மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்துக்காரர் அல்லவா, திண்ணைப் பேச்சு கூடவே வந்துவிட்டது! ராக லக்ஷணம் சொல்லி நம்மை மிரட்டுவதில்லை. கச்சேரி பிடித்திருந்தால் சொல்வார். பிடிக்காவிட்டால் வயிறு குலுங்கச் சிரிக்க வைத்துவிடுவார். பெரிய வித்வான் என்கிற தாட்சண்யம் கிடையாது. சபா வாசலை மிதித்தறியாத தஞ்சை ஜில்லா வாசகன் அவர் பாராட்டை நம்பியதற்கு இதுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம். சில இடங்களில் ஹாஸ்யம் மிஞ்சி, சங்கீதம் பின்தங்கிவிடுகிறது, வாஸ்தவம். ஆனால், எல்லா இலையிலும் ஒரே கரண்டிப் பாயசம் ஊற்றிக்கொண்டு போகிறார்களே, அந்தப் பத்திகளைவிட எனக்கு அது தேவலை.